எட்டாம் எண் குட்டி

எனக்கு ஆட்டுக்கறி அவ்வளவாகப் பிடிக்காது. ருசி பார்க்கும் குழுவில் நான் உட்காராததற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். கால்நடை பராமரிப்பு மாலை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன், அதனால் வரிசை தப்பாது. கிழமைகளில் தவறு இருக்கலாம். சந்தேகம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் என் வேலை தீவனம். பச்சைச் சோளத்தட்டையை நறுக்கி, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் அழுத்திக் கட்டினால் ஒன்றரை மாதத்தில் புளித்து ஊறுகாய்ப்புல் ஆகும். பாதிப் பைகளுக்கு அமிலம் தெளித்தோம். அதைத் தின்னும் குட்டிகளின் கறி மற்றதைவிட மென்மையாக, சாறு வற்றாமல் இருக்கிறதா என்பதுதான் சோதனை. இரண்டு கொட்டில், கொட்டிலுக்கு எட்டுக் குட்டி. முடிவு நன்றாக வந்தால் அறிக்கையில் என் பெயரும் இருக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் யார் பெயரும் எதிலும் அச்சானதில்லை.

ஒன்பதாம் வாரம், செவ்வாய் என்று நினைக்கிறேன், அமிலம் தெளித்த பை ஒன்றை என் கவைக்கோல் கிழித்துவிட்டது. விரல் நீளம் என்று சொல்ல வந்தேன். நாட்குறிப்பில் நாலு விரற்கடை என்று இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டினேன். சில நாள் கழித்துப் பிரித்தபோது உள்ளே பூஞ்சணம் பிடித்து வெதுவெதுவென்று இருந்தது. பதிவேட்டில் எழுதினால் அந்தப் பையைக் கழித்துவிடுவார்கள், அந்த வாரம் சோதனை நின்றுபோகும். பூஞ்சணத்தை வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தைக் குட்டிகளுக்குப் போட்டேன்.

மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை. வெட்டுக்கு முந்தின நாள் அந்தக் கொட்டிலின் எட்டாம் எண் குட்டி தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு காது தொங்கியது. வாயோரம் எச்சில் ஒழுகியது. அந்த நோயை வகுப்பில் படித்திருந்தேன். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லில் வளரும் கிருமி. மனிதர்களில் கர்ப்பிணிகளுக்குத்தான் பெரிய ஆபத்து. தாய்க்கு லேசான காய்ச்சல் போல வந்து வயிற்றுப் பிள்ளையைக் கொண்டுபோய்விடும். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் ஏழு குட்டியை வைத்துக் கணக்கிட்டால் முடிவு நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்.

மறுநாள் வெட்டறைக்காரர் குட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடா இது, நம்ம அதிகாரி மாதிரி ஒரே எடத்துல சுத்துது?"

"வண்டியில வந்த மயக்கம்ணே."

"எச்சில் ஒழுகுதேடா. டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"நேத்தே காட்டிட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு."

நான் காட்டவில்லை. வெட்டறைக்காரர் மேல் எந்தத் தவறும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கறியின் நடுவில் எழுபத்தொரு டிகிரி வரும்வரை வேகவைக்க வேண்டும் என்பது விதி. வேகவைப்பதும் என் பொறுப்பு. ருசி பார்த்த முதல் நாள் அப்படித்தான் செய்தேன். எட்டாம் எண் அன்று தட்டுக்கு வரவில்லை. இரண்டு கொட்டில் கறியையும் மென்றுவிட்டு, குழுவில் இருந்த கிடங்குக்காரர், "ரெண்டுமே செருப்புத்தான்பா. ஒண்ணு எடது, ஒண்ணு வலது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வித்தியாசம் வெந்துபோய்விடுகிறது என்று எனக்குப் புரிந்தது. இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டில் இறக்கிவிட்டேன். சரியாகச் சொன்னால் ஐம்பத்தேழரை.

அன்று கிடங்குக்காரர் வரவில்லை, ஒரு நாற்காலி காலி. அண்ணி வந்தார். அண்ணனின் மனைவி, பண்ணைப் பதிவறையில் எழுத்தர், எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர்.

"தம்பி, வாய் நமநமங்குது. நான் உக்காரட்டுமா?"

அண்ணிக்கு அப்போது நாலாம் மாதம். முந்தைய இரண்டும் நிற்கவில்லை, அதனால் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. ருசி பார்ப்பவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். கர்ப்பமா என்ற கட்டத்தில் அவர் பேனா நின்றது.

"இதுல என்ன எழுத? ஆமான்னு போட்டா ஆபீஸ் பூரா பரவிடும்."

"இல்லன்னு போடுங்க அண்ணி. சும்மா சடங்குக்குக் கேக்குறது."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது."

எட்டாம் எண் நாலாவது தட்டு. அண்ணி கண்ணை மூடி மென்றார். "இதுதான்டா கறி. பஞ்சு மாதிரி இருக்கு. இன்னொரு துண்டு தாயேன்." கொடுத்தேன். ஒருவருக்கு ஒரு துண்டுதான் கொடுக்க வேண்டும். அன்று நான் செய்த ஒரே விதிமீறல் அது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் அண்ணிக்குக் காய்ச்சல். அண்ணன் என்னிடம், "ஆபீஸ்ல எதாச்சும் சாப்பிட்டாளாடா? டாக்டர் கேக்குறாரு" என்றார். "டீதாண்ணே" என்றேன். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் ஊசி போட்டிருப்பார்கள், பிள்ளை தங்கியிருக்கலாம். அதுவும் என் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மூன்று நாள் அவகாசம் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் அட்டவணைகளைச் சுத்தப்பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவமனை கண்ட கிருமியும், உறைபெட்டியில் நான் எண் எழுதி வைத்திருந்த துண்டில் நீங்கள் கண்ட கிருமியும் ஒன்றுதான். மறுக்கவில்லை.

ஏன் என்று கேட்கிறீர்கள். குட்டிக்கு நோய் என்று தெரியும். கறி வேகவில்லை என்று தெரியும். அண்ணியின் வயிற்றில் பிள்ளை இருப்பது தெரியும். மூன்றும் தெரிந்துதான் தட்டை வைத்தேன். எனக்கு எட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பிறகு ஒருநாள் எட்டாம் எண்ணை நீக்கிவிட்டுக் கணக்கிட்டுப் பார்த்தேன். முடிவு மாறவில்லை.

மருத்துவமனை முடிவு உங்களிடம்தான் வந்திருக்கிறது, வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை. அண்ணிக்கு எதுவும் தெரியாது. இவள் உடம்பு பிள்ளை தாங்காது என்று அம்மா அவர் காதுபடவே சொல்கிறார். அண்ணன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று பால் கொண்டுபோனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பாமலே பேசினார். "என் உடம்புதான் சரியில்ல தம்பி. இந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் என்னை ஒண்ணும் சொல்லல."

அது உண்மை. அண்ணியை நான் ஒருநாளும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.