சர்க்கரை சிஸ்டரும் இரண்டாவது பிளாஸ்திரியும்

ஊசி முனையிலும் உள்ளன்பு ஊறவைத்த உத்தமியே! நரம்பு நழுவினாலும் நகை நழுவாத நல்லவரே! கதிர் ஏறிய மருந்தோடு காலம் கழித்தும் கனிவு குறையாத எங்கள் கண்மணியே! கீழ்த்தளத்துப் பெட் ஸ்கேன் பிரிவின் மூத்த செவிலியரே, முப்பத்தொரு ஆண்டுப் பணியை முறுவலோடு முடித்து இன்று விடைபெறும் எங்கள் அன்புச் சர்க்கரை சிஸ்டரே!

இதற்குமேல் அடுக்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். போன வாரமே நிபந்தனை விதித்துவிட்டீர்கள். "தேனே மானேன்னு எழுதுனா நான் மேடை ஏற மாட்டேன். நடந்தத மட்டும் எழுதுங்க" என்றீர்கள். மரபுக்காக முதல் பத்தியை வைத்துக்கொண்டோம். இனி நடந்ததை மட்டும் எழுதுகிறோம்.

உங்களுக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை வெளியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்காகச் சொல்ல வேண்டும். புற்றுக்கட்டிகளில் பலவும் உடம்பின் மற்ற இடங்களைவிட அவசரமாகச் சர்க்கரையை விழுங்கும். கதிர் ஏற்றிய சர்க்கரையைக் கொஞ்சம் ஊசியில் செலுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தால், அது போய்ச் சேர்ந்த இடமெல்லாம் படத்தில் ஒளிரும். எங்கே நோய் இருக்கிறது, கொடுத்த மருந்து வேலை செய்கிறதா, அதே மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதையெல்லாம் அந்த ஒளியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்தச் சர்க்கரை ஈயப் பெட்டியில் வரும். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் அதன் கதிர் பாதியாகிவிடும். அதைக் கையிலெடுத்துப் பத்தொன்பது ஆண்டுகள் ஓடியவர் நீங்கள்.

ஊசி போட்டபின் நோயாளி அசையக் கூடாது, பேசக் கூடாது. வேலை செய்யும் தசையும் சர்க்கரையைத் தின்னும். அந்த ஓய்வறையில் உங்கள் ஆட்சியை மீறியவர் எவருமில்லை. முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்த பாட்டு வாத்தியாரிடம், "ஐயா, இப்பப் பாடுனா படத்துல உங்க தொண்டை மட்டும்தான் தெரியும். வீட்டுக்குப் போய்க் கச்சேரி வச்சுக்கோங்க" என்று சொல்லிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டீர்கள். அவர் கப்சிப்பென்று படுத்துக்கொண்டார்.

இனி நாங்கள் சொல்லப் போவது எங்களுக்கே போன வாரம்தான் தெரியும். சொன்னவர் படம் படிக்கும் மருத்துவர். இந்த மடலை இப்போது உரக்க வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரேதான். இடையில் அவர் குரல் கம்மினால் பக்கத்தில் தண்ணீர் வைத்திருக்கிறோம்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மருந்து வண்டி தாமதமாக வந்தது. ஐந்து பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். நிணநீர்க் கட்டிகளில் புற்றுநோய்; இரண்டு சுற்று மருந்து முடிந்திருந்தது. படம் தெளிவாக இருந்தால் அதே மருந்து தொடரும். இல்லையென்றால் அதைவிடப் பல மடங்கு கடுமையானது, மாதக் கணக்கில் ஆளைப் படுக்கவைப்பது.

நண்பகல் தாண்டி அவருக்கு ஊசி போடப்பட்டது. படமும் எடுத்தாயிற்று. மருத்துவர் திரையில் பார்த்தபோது பழைய இடங்களெல்லாம் அடங்கியிருந்தன. அவருக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் இடது அக்குளில் புதிதாக ஒரு கட்டி பளிச்சென்று நின்றது. ஊசி போட்ட கையில் மருந்து கசிந்தால் அது அக்குளில் எல்லோருக்கும் உள்ள நிணநீர்க் கட்டியில் போய்த் தங்கி, நோய் போலவே ஒளிர்ந்து ஏமாற்றும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. எனவே படிவத்தைப் புரட்டினார். 'ஊசி போட்ட கை: வலது' என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. கையைத் தலைக்குமேல் தூக்கிவைத்துத்தான் படம் எடுப்பது வழக்கம். அதனால் மணிக்கட்டுகள் படத்தில் விழவில்லை. மருத்துவர் இரண்டு முறை பெருமூச்சு விட்டார். 'புதிய இடத்தில் நோய்' என்று எழுதி ஒப்பமிட்டு, சிகிச்சை தரும் மருத்துவருக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார். கடும் மருந்துக்கு மறுநாளுக்கே படுக்கை ஒதுக்கியாயிற்று. அறிக்கை உறைக்குள் போய் ஓட்டுநரின் கைக்கு வந்தது.

நான்கு மணிக்கு மருத்துவர் பையை மூடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டாமல் திறந்தது. நீங்கள் தட்டாமல் நுழைந்தது அந்த ஒரு நாள்தான் என்கிறார். வெள்ளைக் கோட்டுக்குப் பதில் வெளிச்சேலை, தோளில் பை, பின்னால் புரியாமல் விழித்தபடி ஓட்டுநர். அவர் கையில் அதே உறை, இன்னும் பிரிக்காமல்.

"டாக்டர், இவருக்கு நான் ரெண்டு கையிலயும் குத்துனேன். ஃபாரத்துல ஒண்ணத்தான் எழுதியிருக்கேன்."

"முதல்ல எந்தக் கை சிஸ்டர்?"

"இடது. பாதி போகும்போதே வீங்குச்சு, எடுத்துட்டேன். மீதிய வலதுல போட்டேன். பஸ் ஸ்டாப்புல இவரு கவரப் பிரிக்கப் போனாரு, ரெண்டு கையிலயும் பிளாஸ்திரி. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

மருத்துவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஊசித் தழும்புக் கைகளோடு வரும் நோயாளியின் கையில் ஒரு பிளாஸ்திரி கூடுதலாக இருப்பதை யார்தான் கவனிப்பார்கள்? படம் எடுத்தவரும் கவனிக்கவில்லை.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர். மறந்துட்டீங்களா?"

"மறந்துட்டேன். ஆனா படத்துக்கு மறதியும் பொய்யும் ஒண்ணுதான் டாக்டர். என் மேல என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. முதல்ல அவரு கையப் படம் எடுங்க, மருந்து கரைஞ்சுக்கிட்டே இருக்கு."

வீட்டுக்குக் கிளம்பிய படக்காரரை வாசலில் மறித்து, ஒரு சந்தேகம் என்று மட்டும் சொல்லி அழைத்து வந்தார்கள். ஓட்டுநரின் கையைத் தொங்கவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். மருந்து முக்கால்வாசி கரைந்திருந்தது. ஆனாலும் இடது மணிக்கட்டுக்கு மேலே கசிந்த மருந்து பொட்டு வைத்தாற்போல் தெரிந்தது. மருத்துவர் உறையை வாங்கிக் கிழித்தார். தொலைபேசியில் படுக்கையை நிறுத்தினார். புதிய அறிக்கையைத் தாமே தட்டெழுதினார்: மருந்து நன்றாக வேலை செய்கிறது, அக்குளில் தெரிவது கசிவினால் வந்தது, அடுத்த படத்தில் சரிபார்க்க. அடுத்த படத்தில் அந்த இடம் துடைத்து வைத்தது போல் இருந்தது.

"இப்பக் கவரப் பிரிக்கலாமா சிஸ்டர்?" என்று அன்று மாலை புதிய உறையைக் கையில் வாங்கியதும் ஓட்டுநர் கேட்டாராம்.

"இப்பப் பிரிங்க அண்ணா. பிரிச்சுட்டு வீட்டுக்கு ஒரு போன் போடுங்க."

அவர் பேசி முடிக்கும்வரை நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டீர்கள். மருத்துவர் அதைப் பார்த்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் மருத்துவர் பதினொரு ஆண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த மாதக் கூட்டத்தில் மேலதிகாரி, அறிக்கை ஏன் மாறியது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் உங்களுக்கு மெமோ வரும். ஆகவே மருத்துவர், "சந்தேகம் வந்துச்சு, திரும்பப் பாத்தேன்" என்று ஒரே வரியில் முடித்தார். உங்களைக் காப்பாற்றச் சொன்னதுதான். ஆனால் கூட்டம் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. 'கழுகுக் கண் மருத்துவர்' என்று பொறித்த ஒரு கேடயம் அவர் அறைச் சுவரில் ஏறியது. கைதட்டியவர்களில் நீங்களும் இருந்தீர்கள். மருத்துவர் அன்று மறுத்துச் சொல்லியிருக்கலாம். மறுவாரமும் சொல்லியிருக்கலாம். கேடயத்துக்குப் பழகிவிட்டேன் என்கிறார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நீங்களோ வாயே திறக்கவில்லை. திறக்காததோடு நிற்காமல், படிவத்தில் இரண்டு கைகளின் படத்தை வரைந்தீர்கள். குத்திய இடமெல்லாம், தவறியதும் சேர்த்து, சிவப்பு மையில் ஒரு புள்ளி. ஒட்டிய ஒவ்வொரு பிளாஸ்திரியிலும் ஓர் எண். 'இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்ல' என்று அப்போது முனகியவர்கள் கீழே ஒப்பமிட்டிருக்கிறோம், எங்களை மன்னியுங்கள். அந்தக் கைப்படத்தைப் பார்க்காமல் இன்று எங்கள் பிரிவில் எவரும் திரையைத் திறப்பதில்லை. பதினொரு ஆண்டுகளில் எத்தனை அக்குள் கட்டிகள் அந்தச் சிவப்புப் புள்ளியால் நோய் அல்ல என்று ஆகியிருக்கும் என்று எங்களுக்குக் கணக்கு இல்லை. அத்தனை பேர் நல்ல செய்தியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் உங்களைத் தெரியாது.

போன வாரம் இந்த மடலைக் கேன்டீனில் எழுதிக்கொண்டிருந்தபோது மருத்துவர் வந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "இத அப்படியே எழுதுங்க" என்றார்.

"டாக்டர், உங்க பேரு கெட்டுடுமே" என்றோம்.

"பதினொரு வருஷம் நல்லாத்தான இருந்துச்சு. போதும். நான் வாசிக்கணும், அவங்க கேக்கணும்."

சிஸ்டர், இப்போது உங்கள் முன்னால் அவர் நீட்டுகிற பொட்டலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே அந்தக் கேடயம் இருக்கிறது. அவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் உங்கள் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். கையெழுத்து கோணலாக இருக்கிறது. மூன்று பிளாஸ்திரிகளை வீணாக்கியபின் வந்தது இது. ஓய்வறைப் போர்வைகளை உங்களைப் போல் யார் கழுத்துவரை இழுத்துவிடுவார்கள்? உங்களை ரொம்பத் தேடுவோம்.

எங்கள் சர்க்கரை சிஸ்டரே, ஊசி இல்லாத கைகளோடு, ஓட்டம் இல்லாத காலைகளோடு, பேரன் பேத்திகள் உங்கள் பேச்சைக் கேளாமல் ஆட, நோய்நொடியின்றி நூறாண்டு வாழுங்கள். இனி உடம்பில் படும் கதிரை அளக்கும் வில்லையைச் சட்டையில் குத்திக்கொள்ள மறந்தாலும் எவரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. பதினொரு ஆண்டாக இந்த உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டோம். "சிஸ்டர் பேசக் கூடாதுன்னாங்க, பேசல" என்றார். இன்று நீங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்க வேண்டாம். வாசலில் ஒரு பள்ளிப் பேருந்து நிற்கிறது. உங்களை வீட்டில் விடாமல் அது நகராது என்று அதன் ஓட்டுநர் சொல்லிவிட்டார். ஏறும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும் அவருடைய இரண்டு கைகளையும் பாருங்கள் சிஸ்டர். ஒரு பிளாஸ்திரிகூட இல்லை.

இவண்,
உங்களை வழியனுப்ப மனமில்லாத
படம் எடுப்பவர், மருந்து அளப்பவர், வரவேற்பு மேசைக்காரர், ஓய்வறையைத் துடைத்து வைப்பவர்,
பதினொரு ஆண்டு தாமதமாக ஒப்பமிடும் படம் படிக்கும் மருத்துவர்