நாலு பசங்களுக்கு ஒரு மாஸ்க்

பன்றிக் காய்ச்சலுக்காக மூடிய பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம் அது. பெங்களூரில் மர்பி டவுன் பக்கம் போகிற பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர். பேச்சிலிருந்து ஏதோ சேவா சங்கத்துக்காரர்கள் என்று தெரிந்தது.

"ஒரே மாஸ்க்கை நாலு பசங்களுக்கு மாட்டிட்டோமேடா செல்வம்," என்றார் பெரியவர்.

நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"மாஸ்க் பண்டல் வந்து சேரலைண்ணா. சீஃப் கெஸ்ட் வேற கெளம்புறேன்னு நின்னாரு. போட்டோ எடுக்கணும்ல?"

"அதுக்கு? ஒருத்தர் மூஞ்சியிலருந்து கழட்டி அடுத்தவங்களுக்கா?"

"நீங்களும் நல்லாத்தானே சிரிச்சீங்க, போட்டோவுல."

"சிரிச்சேன். மொதல்ல மாட்டின பொண்ணுக்கு இன்னிக்கு ஜுரமாம். பேஜாரா இருக்குடா."

"சாதா ஜுரமா இருக்கும்ணா. ஸ்கூல்ல போய்ச் சொன்னா சங்கத்து மானம் போயிடும்."

"சொல்லலைன்னா மத்த மூணு வீட்டுக்கு எப்படித் தெரியும்?"

பள்ளிக்கூட ஸ்டாப் வந்ததும் பெரியவர் எழுந்தார்.

"சட்டையில இருக்கிற சங்கத்து பேட்ஜையாவது கழட்டிட்டுப் போங்கண்ணா."

"மாஸ்க்கை மாட்டும்போது இதைப் போட்டுக்கிட்டுதானேடா நின்னேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.