மூன்று முறை எழுதிய விடை

இரண்டு மென்பொருளை இணைப்பது, விசாரிக்க வந்த உங்களுக்குப் புரியச் சொன்னால், சம்பந்தம் பேசுவது மாதிரிதான், ஐயா. மாப்பிள்ளை வீட்டுப் பழக்கம் வேறு, பெண் வீட்டுப் பழக்கம் வேறு. நடுவில் ஒரு தரகன் வேண்டும். கலவானைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கல்வி நிலையத்தில் அந்தத் தரகன் நான். ஒரு பக்கம், பிள்ளைகள் போனில் திறந்து படிக்கும் பாடத்தளம். மறுபக்கம், நான் எழுதிய செயலி. பாடத்தைத் திறக்கும் பிள்ளையின் பெயர் என் செயலிக்கு வந்து வரவு பதியும். விடை எழுதினால் செயலியே திருத்திப் புள்ளியைத் திருப்பி அனுப்பும்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் சொன்னது ஒன்றுதான். நூற்றுக்கு எண்பது பிள்ளைகள் நேரில் வராவிட்டால் நிலையத்தை மூடிவிடுவோம் என்றது உதவி தரும் அமைப்பு. மழைக்காலத்தில் மலை மேலே உள்ள லயங்களிலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, யார் இறங்கி வருவார்கள்? அட்டைக்கடி ஒரு பக்கம், வழுக்கல் ஒரு பக்கம். அதனால் வீட்டிலிருந்து பாடத்தைத் திறந்தாலும் 'நிலையத்தில் இருக்கிறார்' என்று பச்சை விழும்படி இணைத்தேன். பிள்ளைகளுக்கு அது தெரியும், பெற்றோருக்குத் தெரியாது. தொண்ணூறு பேர் நன்றாகப் படித்தார்கள்.

அந்த வியாழக்கிழமை மழைக்காகப் பாடசாலைகளை மூடியிருந்தார்கள். நிலையத்துக்கு வந்திருந்த சில பிள்ளைகளைப் பத்து மணிக்கு லொறியில் ஏற்றி டவுனுக்கு அனுப்பிவிட்டேன். பத்து நாற்பதுக்கு மலை இறங்கியது. மேல் லயம் மண்ணுக்குள் போயிற்று, டவுன் பாதையும் அடைபட்டது. லொறிக்காரரின் போனுக்கு லைன் கிடைக்கவில்லை.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பிரேமலதா அக்கா கூடையோடு ஓடி வந்தார்.

"சேர், எம்புள்ள ஷாமிளா எங்க சேர்?"

"வந்திருக்கா அக்கா. இந்தா பாருங்க, பச்ச விழுந்திருக்கு. லொறில போயிருப்பா."

லிஸ்டைப் பார்த்துப் பேசுவது எனக்குப் பழகிப்போயிருந்தது. அக்கா என் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அவரே கிராம சேவகர் பிரதீபனிடம் போய், "எங்க வீட்டுக் காம்பராவுல யாருமில்லீங்க. மத்த ஆளுகள பாருங்க," என்றார். மண் அள்ளிக்கொண்டிருந்த தோட்டத்துப் பெக்கோ இயந்திரம் லயத்தின் மறுகோடிக்குத் திரும்பியது.

பதினொன்று ஐந்துக்கு என் போனில் ஷாமிளாவின் விடை வந்து விழுந்தது. அவள் போனில் இருந்தது மாணவர்களுக்கான இலவச டேட்டா மட்டும். பாடத்தளம் திறக்கும், கோல் எடுத்துப் பேச முடியாது. தாவரத்தின் ஒளித்தொகுப்புக்குத் தேவையானவை எவை என்பது கேள்வி. கீழே இருந்த பெட்டியில் அவள் எழுதியிருந்தாள்: 'சேர் நான் காம்பராவுல இருக்கேன். கால் மாட்டிக்கிச்சு. அம்மாகிட்ட சொல்லுங்க.'

செயலி அவளுக்குப் பதில் அனுப்பியது: 'விடை தவறு. மீண்டும் முயற்சிக்கவும்.'

நான் யோசித்தேன், ஐயா. அவசரப்படவில்லை. இதை வெளியே சொன்னால் லிஸ்ட் பொய் என்று ஆகும், நிலையம் போகும், நானும் போவேன். மற்ற எண்பத்தொன்பது பிள்ளைகள் கொழுந்துக்கும் கடைக்கும் போவார்கள். பெக்கோ எப்படியும் திரும்பி இந்தப் பக்கம் வரும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நனைந்துபோய் நாலடி தள்ளி நின்றார். அவருக்குச் சுடச்சுடப் பால் இல்லாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தேன்.

பதினொன்று இருபதுக்கு: 'சேர் நான் இன்னிக்கு கிளாசுக்கு வரல.'

விடை தவறு. மீண்டும் முயற்சிக்கவும்.

பன்னிரண்டாக எட்டு நிமிடம் இருக்கும்போது: 'இருட்டா இருக்கு சேர்.'

ஒரு கேள்விக்கு மூன்று முறைதான் என்று வைத்திருந்தேன். குத்துமதிப்பாக எழுதிப் பார்ப்பதைத் தடுக்கத்தான். பெட்டி மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். வியாழன் பின்னேரம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். பெக்கோ முப்பது அடியில் நின்றது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள். சொல்லாமல் இருந்தது நான்தான். அன்று பின்னேரமே அந்த மூன்று விடைகளையும் அழித்ததும் நான்தான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அவள் கணக்கை நானே மூடினேன். போன் இன்னும் மண்ணுக்குள்தான் கிடக்கிறது. ஆனாலும் மழை பெய்யும் காலைகளில் அவள் பெயருக்கு எதிரே பச்சை விழுகிறது. இணைப்பை முழுக்கக் கழற்றி மறுபடி எழுதிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. இன்று காலையும் விழுந்திருந்தது.

அதனால் பிரேமலதா அக்காவிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். நான் அன்றைக்கும் பொய் சொல்லவில்லை. பிள்ளை வந்திருக்கிறாள்.