படத்திற்குப் பிடிகொடுக்காத டாக்டரம்மாவுக்கு

சிறுநீரகத்தின் நுண்ணிழைகளுக்குள் சிந்தையைச் செலுத்திய சீரிய ஆய்வாளரே! பட்டங்கள் பல பெற்றும் படத்திற்கு மட்டும் பிடிகொடுக்காத பண்பாளரே! பரிசு வந்தால் பின்வரிசைக்கும் பழி வந்தால் முன்வரிசைக்கும் போகும் எங்கள் டாக்டரம்மா அவர்களே! பணி நிறைவு பெறும் தங்களுக்கு, இம்மருத்துவ நிறுவனத்தின் செய்தித் தொடர்புப் பிரிவினர் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல் இது.

தங்கள் ஆய்வை ஊருக்கு எடுத்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. தங்களிடம் அது லேசில் நடந்ததில்லை. 'அற்புதம்' என்று நாங்கள் ஆசை ஆசையாய் எழுதினால், அதை அடித்துவிட்டு 'ஓரளவு பலன்' என்று எழுதுவீர்கள். எங்கள் புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினால் போதும், பக்கத்தில் இருக்கும் நோயாளியையோ நர்ஸையோ முன்னால் நிறுத்திவிட்டு நைசாக நழுவிவிடுவீர்கள். "ஊசி குத்திக்கிட்டவங்களும் குத்தினவங்களும் இவங்கதான். நான் எழுதி வச்சவ, அவ்வளவுதான். இவங்கள எடுங்க" என்பீர்கள். இந்த மடலோடு சேர்த்துச் சட்டமிட ஒரு படம் தேடினோம். எங்கள் கணினி நிறையத் தங்கள் முழங்கை இருக்கிறது, பாதித் தோள் இருக்கிறது. முகம் இல்லை.

ஒரே ஒரு படத்தைத் தவிர.

சிறுநீரகம் செயலிழக்காமல் காக்கும் என்று நம்பி, தாங்கள் ஊணுறக்கம் மறந்து உருவாக்கிய மருந்து பலன் தரவில்லை என்று தெரிந்தபோது எடுத்த படம் அது. சத்தமில்லாமல் விட்டுவிடலாமே என்றது மேலிடம். தாங்களோ நிருபர்களை அழைக்கச் சொன்னீர்கள். அன்று மட்டும் யாரையும் முன்னால் நிறுத்தவில்லை. தன்னந்தனியாக விளக்குகளுக்கு நேரே நின்று, "எங்கள நம்பி வந்தவங்களுக்கு நாங்க நினைச்சது நடக்கல. அத சொல்ல வேண்டியவ நான்தான்" என்றீர்கள். படத்தில் தங்கள் முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. கண்கள் கலங்கியிருக்கின்றன.

'மருந்து கிடைத்துவிட்டது' என்று தங்கள் பெயரோடு ஒரு செய்தி எழுதக் காத்திருந்தோம். அதை எழுதாமலே தங்களை வழியனுப்புகிறோம். டயாலிசிஸ் அறையில் இன்றும் ஓர் இயந்திரம்கூட ஓய்வாக இல்லை. தங்கள் மனக்குறையும் அதுதான் என்று அறிவோம். இந்த ஏக்கம் எங்களை விட்டு அவ்வளவு எளிதில் போகாது.

வேறு வழியின்றி அந்தப் படத்தையே சட்டத்தில் வைத்திருக்கிறோம். ஆனால் வேறு படம் கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று பின்பலகைக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. புகைப்படக்காரர் இதோ எதிரே நிற்கிறார். அருகில் அமர்ந்திருக்கும் தங்கள் கணவரை இழுத்து முன்னால் விட நினைக்காதீர்கள்; அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டோம், அசையமாட்டார்.

நோய்நொடியின்றி, நிம்மதியான உறக்கத்தோடு, நெடுங்காலம் வாழுங்கள் அம்மா! இப்போது ஒரே ஒரு தடவை, எங்களுக்காக, நேரே பாருங்கள்.

தங்களைப் பிரிய மனமில்லாத
செய்தித் தொடர்புப் பிரிவினர்