கதவருகே தனியாக அமர்ந்த ஆயர்

மாண்புமிகு ஆளுநர் பர்தாஸ் அவர்களே, குருமார்களே, ஆயர் லியோந்தியோஸின் நாற்பதாம் நாள் நினைவுக்குக் கூடியிருக்கும் ஊர் மக்களே! அவரிடம் திருத்தொண்டராக இருந்த எவ்பிரோசினா உங்களை வணங்கிப் பேசுகிறேன்.

நம் ஆயர் தலைநகரத்துக்காரர். ஓர் ஊருக்கு ஆயரானவர் வேறு ஊருக்குப் போகக் கூடாது என்பது திருச்சபை விதி. கடலோரத்தில் பிறந்தவர், கடலில்லாத இந்த மேட்டு நிலத்திலேயே முதுமையடைந்தார். அவருடைய கேலி இங்கே யாருக்குப் புரிந்தது? ஒருவருக்குப் புரிந்தது. அதே தலைநகரிலிருந்து வந்த நம் ஆளுநருக்கு!

ஞாயிறு விருந்தில் இருவரும் சண்டை போடுவார்கள்.

"என்னய்யா லியோந்தி, இது கருவாடா, செருப்பா?"

"செருப்புன்னா மெல்லவாவது முடியும்ல. பேசாமத் தின்னுய்யா!"

பிறகுதான் சிப்பாய் சிசினியோஸ் வந்தான். பிரசவத்தில் கிடந்த மனைவியைப் பார்க்க எல்லைக் கோட்டையை விட்டு ஓடி வந்தவன், துரத்தியவர்களுக்குப் பயந்து நம் கோயில் பீடத்தைப் பற்றிக்கொண்டான். பீடத்தைப் பற்றியவனை வெளியே இழுப்பது உண்டா? ஆயர் கதவருகே முக்காலி போட்டு உட்கார்ந்தார். ஆளுநரே, அவனைப் பிடிக்க நீங்கள் வெளியே நின்றீர்கள்.

"ஒரு ஓடுகாலிக்காக என்னை விட்டுடுவியா?"

"நாளைக்கு அரசருக்கு உன்மேல கோவம் வந்தா நீ எங்க ஓடுவே, பர்தாஸ்? இந்தக் கதவுக்குத்தானய்யா?"

அதன்பின் நீங்கள் விருந்துக்கு வரவில்லை. உங்களுக்குப் பயந்து ஊர்ப் பெரியவர்களும் வரவில்லை. நாம் எல்லோரும் அவரைத் தாண்டி நடந்துபோனோம்! கருவாடு சமைத்துக் கொண்டுபோனேன்.

"எடுத்துட்டுப் போம்மா. திட்டுறதுக்கு ஆளில்லாம இத எப்படித் தின்றது?" என்றார்.

அந்தப் பனிக்காலத்திலேயே, அந்த முக்காலியிலேயே போய்விட்டார்.

ஆயரோடு அடைக்கலமும் முடிந்தது, இனி சிப்பாயைப் பிடிக்கலாம் என்று உங்கள் அலுவலகத்தில் பேச்சாம். அடைக்கலம் தந்தது லியோந்தியோஸா? இல்லை! பீடம் தந்தது. பீடம் இறக்கவில்லை. புதிய ஆயர் வரும்வரை கதவருகே நான் உட்காருவேன். இது ஆயர் லியோந்தியோஸின் பெயரால் நான் தரும் வாக்கு.

அவர் நினைவாக, வழக்கப்படி அவித்த கோதுமையை இப்போது பங்கிடப் போகிறோம். முதல் பங்கு உள்ளே இருக்கும் சிசினியோஸுக்கு. ஆளுநரே, அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வாளை மட்டும் வாசலில் கழற்றி வையுங்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.