மன்னிச்சுக்கங்க அத்தை

இல்லண்ணே, அந்தக் கதவுகிட்ட போகாதீங்க. இப்பதான் செக்யூரிட்டி என்னை விரட்டி விட்டாரு. உள்ள ஒரு ஆளுக்கு ரெண்டு பேர்தானாம், அதுவும் மூக்குல குச்சி விட்டுப் பாத்தவங்கதானாம், பெத்தவங்களே வந்தாலும் வெளியதானாம். நான் பெத்தவகூட இல்ல, மாமியார். மாமியாருக்கு எந்தச் சட்டத்துல இடம் வச்சிருக்காங்க? வாங்க, இந்த பெஞ்சுல உக்காருங்க. நடுவுல அந்த பெருக்கல் குறி மேல மட்டும் உக்காரக் கூடாதாம். நீங்க அந்த ஓரம், நான் இந்த ஓரம். கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கோம். தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, மாஸ்க் போட்டதுலேர்ந்து எனக்கு வாய் நீளமாப் போச்சு. மூஞ்சி தெரியாதுன்னு ஒரு தைரியம்.

ஆமாமா, உள்ள குத்துச்சண்டை போடுறது எங்க மாப்பிள்ளைதான். நீலக் கால்சட்டை. அது நான் தைச்சது. எனக்கு மெத்தை, சோபா தைக்கிற வேலை. இடுப்புப் பட்டைக்கு சோபா எலாஸ்டிக் போட்டிருக்கேன். மனுஷன் விழுந்தாலும் விழுவாரு, கால்சட்டை விழாது.

சத்தமாப் பேசுறேனா? மிஷின் சத்தத்துல பேசிப் பழகின தொண்டைண்ணே. நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டு இருங்க.

என் பொண்ணு வரல. அவ இவரு சண்டை எதையும் பாத்ததில்ல. போனை ஆஃப் பண்ணி அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டு வீட்டைத் துடைச்சிக்கிட்டு இருப்பா. நீ போம்மா, உனக்குத்தான் பயமே கிடையாதேன்னுட்டா. எனக்கா? கரப்பான் பூச்சி பறந்தா நான் கட்டிலுக்கு மேல நிப்பேன். ஆனா மாப்பிள்ளை முன்னாடி அதைச் சொல்ல முடியுமா? வந்துட்டேன். இன்னிக்கு இவரு ஜெயிச்சாகணும். வயசு முப்பத்தி நாலு. இதுல தோத்தா இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க, தண்ணி கேன் தூக்கப் போயிடுன்னு கோச்சு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு.

மணி அடிச்சிடுச்சா? சரி. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிறேன்.

...

ம், ஆரம்பிச்சிட்டாங்க. எங்க விட்டேன்? தண்ணி கேன். கொரோனான்னு எல்லாத்தையும் அடைச்சாங்களே, அன்னிக்கு ஆரம்பிச்சது. ஆபீஸ்ல இருக்கறவங்க வீட்டுலேர்ந்து வேலை பாத்தாங்க. நானும் மெத்தையை வீட்டுக்கே கொண்டாந்து தைச்சேன். சண்டை போடுறவரு என்னண்ணே பண்ணுவாரு? வீட்டுலேர்ந்து யாரை அடிக்கிறது? ஜிம்முக்குப் பூட்டு. கூட்டம் கூடாதுன்னா டிக்கெட் இல்ல, டிக்கெட் இல்லன்னா சண்டை இல்ல, சண்டை இல்லன்னா இவருக்குச் சம்பளம் ஏது? காலையில மாடி மாடியா தண்ணி கேன் போட்டுட்டு வருவாரு. மத்தியானத்துலேர்ந்து ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடப்பாரு. எங்க ஹாலு எவ்வளவு பெருசுங்கறீங்க? ரெண்டு கட்டில் போட்டா கதவு தொறக்காது. அதுக்குள்ள இவ்வளவு பெரிய உடம்பு நடந்தா எப்படி இருக்கும்? பீரோவுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும்.

சாப்பாடு அதைவிடக் கூத்து. சண்டைன்னு தேதி சொல்லுவாங்க. உடனே எடையைக் குறைக்கணும்னு பட்டினி கிடப்பாரு. வெள்ளரிக்காயை வச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. கன்னமெல்லாம் ஒட்டி, எலும்பு தெரிய ஆரம்பிக்கிற நேரத்துல போன் வரும், சண்டை தள்ளி வச்சாச்சுன்னு. அவ்வளவுதான், பானையோட சோத்தைத் தூக்கி மடியில வச்சுக்குவாரு. மறுபடி தேதி, மறுபடி வெள்ளரிக்காய், மறுபடி போன், மறுபடி பானை. மனுஷனா, காத்தடிச்சு காத்தைப் புடுங்கற பலூனா!

சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க. வந்ததுலேர்ந்து இப்பதான் சிரிக்கிறீங்க.

அப்புறம் ஒரு நாள், அத்தை, அடிக்க ஒரு பை இருந்தா நல்லாருக்கும்னாரு. நான் மெத்தைக்காரி, எனக்குப் பை ஒரு பெரிய விஷயமா? பழைய சோபா ரெக்சினை உரிச்சு, உள்ள வெட்டுத்துணியா திணிச்சு, நாலு மடிப்பு தையல் போட்டு, ஃபேன் கொக்கியில மாட்டினோம். முதல் அடியிலயே காரை உதிர்ந்து என் தலையெல்லாம் வெள்ளை. பொண்ணு பாத்துட்டு, அம்மா உனக்கு ஒரே நாள்ல நரைச்சிடுச்சுன்னா.

கீழ்வீட்டுக்காரரு சும்மா இருப்பாரா? பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன மனுஷன். ஹாரன் அடிச்ச கை சும்மா இருக்காதில்ல? மாப் குச்சியை எடுத்து அவரு வீட்டு சீலிங்குல டொக் டொக்னு இடிச்சாரு. நிறுத்துங்கடான்னு அர்த்தம். எங்க மாப்பிள்ளை என்ன பண்ணாரு தெரியுமா? கையை இறக்கிட்டு, அப்பாடா, ரவுண்டு முடிஞ்சதுன்னு ஸ்டூல்ல உக்காந்துட்டாரு! கொஞ்ச நேரம் இளைப்பாறிட்டு மறுபடி எழுந்து அடிச்சாரு. அவரு மறுபடி இடிச்சாரு. இவரு மறுபடி உக்காந்தாரு. தினமும் இதே கதை. அந்த மனுஷன் திட்டித் திட்டியே எங்களுக்கு மணி அடிச்சாருண்ணே.

திடீர்னு ஒரு நாள் இடி வரல. மாப்பிள்ளை அடிக்கிறாரு, அடிக்கிறாரு, நிறுத்தத் தெரியாம அடிக்கிறாரு. வேர்த்து ஊத்துது. அப்புறம் எனக்குத்தான் என்னவோ பண்ணுச்சு. கீழ போய்ப் பாத்தா, மனுஷன் காய்ச்சல்ல சுருண்டு கிடக்குறாரு, மாப் குச்சி பக்கத்துலயே கிடக்குது. மாப்பிள்ளை அவரைத் தண்ணி கேன் மாதிரி தோள்ல போட்டு இறக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்தினாரு. அவரு திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பையை யாரும் தொடல. வந்தாரு, பாதி ஆளா. வந்த அன்னிக்கு சாயந்தரம், இவரு சும்மா மெதுவா ஒரு தட்டு தட்டினாரு. கீழேர்ந்து டொக்! நாங்க மூணு பேரும் அந்தப் பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு குதிச்சோம். குதிச்சதுக்கும் ஒரு டொக்!

ஆ, மணி. இருங்க, தொண்டை காஞ்சு போச்சு.

...

ம். பை மட்டும் போதாதாம்ணே. எதிர்ல ஆள் நிக்கணுமாம், நகரணுமாம். என் பொண்ணு மாட்டேன்னுட்டா. அப்ப வீட்டுல மிச்சம் யாரு?

நான்தான்! சத்தியமா! வயித்துக்கு மெத்தை ஃபோம்ல ஒரு கவசம் தைச்சுக்கிட்டேன், கைக்கு ரெண்டு திண்டு. கண்ணாடியில பாத்தா சோபாவுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியல. மாப்பிள்ளை எதிர்ல வந்து நின்னாரு. கையைத் தூக்கினாரு. இறக்கினாரு. மறுபடி தூக்கினாரு. ஏன் மாப்பிள்ளை, என்ன ஆச்சுன்னேன். அத்தை, உங்களை எப்படி அத்தை அடிக்கிறதுங்கறாரு. ஊர்ல எத்தனை மருமகனுங்க இந்த வாய்ப்புக்கு ஏங்குறானுங்க, அடிங்க மாப்பிள்ளைன்னேன். மனசே வரல. கடைசியில கண்ணை மூடி, மன்னிச்சுக்கங்க அத்தைன்னு சொல்லிட்டு ஒண்ணு விட்டாரு. திண்டுல பட்டுச்சு. ஒண்ணும் ஆகல. அதுக்கப்புறம் ஒவ்வொரு அடிக்கும் அதேதான். மன்னிச்சுக்கங்க அத்தை, டம்! மன்னிச்சுக்கங்க அத்தை, டம்! என் பொண்ணு சமையல்கட்டுலேர்ந்து, ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு அடிச்சுக்கங்களேன்னு கத்துவா.

இதுல ஒரு சங்கதி இருக்கு. நான் எவ்வளவு உயரம், பாக்குறீங்கல்ல? அவரு நெட்டை. நான் திண்டை எவ்வளவு தூக்கிப் பிடிச்சாலும் அவரு நெஞ்சுக்குக் கீழதான் வரும். அத்தனை மாசமும் மனுஷன் குனிஞ்சு குனிஞ்சே அடிச்சாரு. கோச்சு வீடியோ கால்ல பாப்பாரு. அவரு போன்ல இவரு மட்டும்தான் தெரிவாரு, என் கொண்டை மட்டும் கீழ ஓரத்துல வந்து வந்து போகும். டேய், யாரைடா அடிக்கிற, அங்க ஆளே இல்லையேடான்னு கத்துவாரு. இருக்காங்க கோச், அத்தை இருக்காங்கன்னு இவரு என் தலைக்குப் போனைக் காட்டுவாரு.

ஜிம் தொறந்து போய்ப் பாத்தா, அடி பூரா விலாவுக்குப் போகுது. மூஞ்சிக்கு ஒண்ணுகூடப் போகல. கோச்சு தலையில கையை வச்சுட்டாரு. அப்புறம் பயிற்சிக்கு எதிர்ல நின்ன ஒருத்தன் அந்த விலா அடியில அப்படியே மடங்கி உக்காந்தானாம். கோச்சு தலையிலேர்ந்து கையை எடுத்துட்டு எனக்கு போன் பண்ணி, அம்மா, உங்க உயரம் என்னன்னு கேட்டாரு! எனக்கு ஒரே பெருமை. வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தரு என் உயரத்தை மரியாதையா கேக்குறாரு.

ஒரே ஒரு தடவை எனக்கும் பட்டுச்சு அந்த அடி. திண்டு நழுவிடுச்சு. ஃபோமைத் தாண்டி, இதோ, இந்த வலது விலாவுக்குக் கீழ. புத்தி தெளிவா இருக்குண்ணே. அடுப்புல பால் வச்சது ஞாபகம் இருக்கு. ஆனா மூச்சு மட்டும் எங்கேயோ வெளியூர் போயிட்ட மாதிரி. கால் தானா மடங்கிடுச்சு. மாப்பிள்ளை ஓன்னு அழுவுறாரு, நான் அவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன், அழாதீங்கன்னு சொல்ல வாய் வரல. கொஞ்ச நேரத்துல மூச்சு தானா வந்துடுச்சு. எழுந்து பாலை இறக்கினேன்.

என்னண்ணே, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? தண்ணி குடிங்க. மாஸ்க்கை இறக்கிக்கங்க, யாரும் பாக்கல.

மணி.

...

ம், இது கடைசி ரவுண்டு. எதிர்ல நிக்கிற பையனும் பாவம்தான். அவனும் ஏதோ குடோன்ல மூட்டை அடுக்கிக்கிட்டு இருந்தானாம். எடை போட்ட இடத்துல பாத்தேன். எங்க மாப்பிள்ளை ஷூ லேஸ் அவுந்திருக்குன்னு அவன்தான் சொன்னான். நல்ல வளர்ப்பு. இவருக்கும் அப்படித்தான், ரிங்குக்குள்ளயும் அந்தப் பழக்கம் போகலன்னு கோச்சு தலையில அடிச்சுக்கிறாரு. விலாவுக்கு விடுறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள முணுமுணுத்துடுறாராம், மன்னிச்சுக்கங்க அத்தைன்னு. கூட்டம் இருந்தா யாருக்கும் கேக்காது. இப்ப காலி ஹாலு. கதவுக்கு வெளியகூட, காதைக் கொடுத்தா...

ஏண்ணே எழுந்துட்டீங்க? உக்காருங்க. நான் பேசிக்கிட்டே இருக்கேன்ல, ஒண்ணும் கேக்காது. அந்தப் பலூன் கதையை இன்னொரு தடவை சொல்லட்டுமா? வெள்ளரிக்காயை வச்சுக்கிட்டு...

...

கேட்டுடுச்சு.

எனக்கும் கேட்டுச்சுண்ணே. முதல்ல அந்த வார்த்தை, அப்புறம் அந்தச் சத்தம். அது தலைக்குப் போன சத்தம் இல்ல, நான் அடிச்சுச் சொல்றேன். விலாதான். தலைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நடுங்காதீங்க. எண்ணுறாங்க, எண்ணட்டும். எழுந்திருக்க வேணாம். அந்த அடிக்கு எழுந்திருக்க முடியாது, எனக்குத் தெரியும். மூச்சு வெளியூர் போயிருக்கும், வந்துடும். எண்ணி முடிச்சிட்டாங்க. இருங்க, இருங்க, கேளுங்க. ஒரு குரல் கேக்குதா? தண்ணி கேக்குது. அது எங்க மாப்பிள்ளை குரல் இல்ல. உங்க பையன் குரல்தானே?

நீங்க வந்து அந்தக் கதவுகிட்ட நின்னப்பவே தெரியும்ணே. மாஸ்க் மூக்கைத்தான் மறைக்கும், புருவத்தை மறைக்காது. அப்பனுக்கும் மகனுக்கும் அதே புருவம், நடுவுல அதே வெட்டு. மணிக்கும் மணிக்கும் நடுவுல நான் ஏன் நிறுத்தாம கத்திக்கிட்டே இருந்தேன்னு நெனைக்கிறீங்க? மணி அடிச்சு அவங்க உக்காந்தப்பதான் நானும் தண்ணி குடிச்சேன். ஒவ்வொரு அடியா எண்ணிக்கிட்டு இந்த பெஞ்சுல நீங்க ஒரு ஓரம், நான் ஒரு ஓரம் உக்காந்திருக்க முடியாதுன்னு பட்டுச்சு. எனக்கும் முடியாது. நான் கரப்பான் பூச்சிக்கே கட்டில் ஏறுறவ.

கதவைத் தொறக்குறாங்க. செக்யூரிட்டி உங்களைத்தான் கையைக் காட்டிக் கூப்பிடுறாரு. போங்க, சிரிச்சுக்கிட்டே போங்க, பையன் முதல்ல உங்க கண்ணைத்தான் பாப்பான். அவன்கிட்ட சொல்லுங்க, இந்த அடியை வாங்கிட்டு மறுநாளே மெத்தை தைக்க உக்காந்த கிழவி ஒருத்தி வெளிய உக்காந்திருக்கான்னு.

என் பொண்ணுக்கு நான் அப்புறம் சொல்லிக்கிறேன். போன் அரிசிக்குள்ளதான் கிடக்கும்.

அண்ணே, ஒரு நிமிஷம்.

மன்னிச்சுக்கங்க அண்ணே.