முஃபீதா சொன்ன சம்மதம்

நல்ல கம்பளிப் போர்வை இரண்டு இருந்தால் போதும், வீட்டிலிருந்தே கதை பதிவு செய்யலாம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் வீட்டு மாடியில் ஆள் உள்ளே நுழைந்து உட்காரும் அளவுக்கு ஒரு பழைய மர அலமாரி இருக்கிறது. அதற்குள் போர்வையைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் தெருவில் மீன் விற்பவர் போடும் கூப்பாடுகூட உள்ளே வராது. வியர்த்துக் கொட்டும், அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் சுடலைவடிவு மேடம், "நடந்ததை உங்க கைப்பட எழுதுங்க, கதை விடக் கூடாது" என்று சொல்லி நீங்கள் தாளைத் தந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு வருடமாக நான் விடுவதெல்லாம் கதைதான். இன்று ஒருநாள் விடாமல் எழுதுகிறேன்.

என் பெயர் மைதீன் பாத்திமா. காயல்பட்டினம். வயது முப்பத்தெட்டு. கணவர் சிராஜுதீன் சவூதியில், தம்மாமில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், ஃப்ரிட்ஜைப் பழுது பார்ப்பார், போய்விடுவார். தங்கமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் இல்லை. உம்மா மவுத்தான பிறகு வீட்டில் நானும் தங்கை முஃபீதாவும்தான்.

'பேசும் வீடு' என்ற என்னுடைய ஒலிக்கதைகளை அறுபதாயிரம் பேர் கேட்கிறார்கள். உங்கள் நிலையத்துப் பெண் காவலர் ஒருவரும் கேட்கிறாராம், காலையில் காதோடு வந்து சொன்னார். காதல், கல்யாணம், போனில் சண்டை, போனிலேயே சமாதானம், இதுதான் சரக்கு. வளைகுடாவில் கணவன், இங்கே மனைவி, நடுவில் ஒரு வாட்ஸ்அப். எங்கள் ஊரில் இதற்குக் கற்பனையே தேவையில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

கதாநாயகி முஃபீதா. சும்மா சொல்லக் கூடாது, அவள் "ம்" என்று சொன்னாலே நாலு அர்த்தம் கேட்கும். கதாநாயகன் அவள் கணவர் ஆதில். மேலப்பாளையத்துக்காரர், கத்தாரில் ஏசி வேலை. வசனத்தை நான் அனுப்புவேன். அவர் வேலை முடிந்து காருக்குள் உட்கார்ந்து பேசி அனுப்புவார். அவர் துண்டையும் இவள் துண்டையும் நான் ஒட்டுவேன். கேட்பவர்களுக்கு இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். நிஜத்தில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் எழுபத்தாறு நாள்.

போன வருடம் ரமலானுக்கு முன்பு ஆதில் போன் செய்தார். சம்பளம் கூடியிருக்கிறதாம், குடும்ப விசா கிடைத்துவிட்டதாம். "லாத்தா, முஃபீதாவ இங்கன கூட்டிட்டு வந்துருதேன். பெருநாளுக்கு அவ கையால சாப்பிடணும்" என்றார். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். முஃபீதா மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். எனக்கும் இனிப்புத் தந்தாள். தின்றேன்.

நீங்கள் வெளியூர், அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெண்ணை அனுப்புவது கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகள் வீட்டுக்கு. எங்கள் வாப்பா கீழ்வீட்டை எனக்கும் மேல்வீட்டை அவளுக்கும் என்று எழுதி வைத்ததே, இருவரும் சாகும்வரை ஒரே சமையல்கட்டில் இருக்க வேண்டும் என்றுதான். ஆதிலுக்கு இது தெரியாது, மேலப்பாளையத்தில் வேறு மாதிரி. ஆகவே முதலில் பிசகியது நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். இத்தனை பெரிய வீட்டில் நான் யாரிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பேன்?

சண்டை போட்டிருக்கலாம். எனக்குச் சண்டை வராது. எனக்குத் தெரிந்தது கதை எழுதுவது. புதிதாக ஒரு காட்சி எழுதி ஆதிலுக்கு அனுப்பினேன். மனைவியைக் கைவிடும் கணவன், அதைச் சொல்ல மனைவியின் அக்காவுக்குப் பேசி அனுப்புகிறான். ஆதில் முதல்முறை ரொம்பக் கோபமாகப் பேசினார். "கோபம் வேண்டாம் மாப்பிள்ளை, பைய சொல்லுங்க. முடிவு பண்ணினவன் கத்த மாட்டான்" என்றேன். மூன்றாம் முறை அருமையாக வந்தது. "லாத்தா, ரெண்டு வருஷமா யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு அவ சரிப்பட்டு வர மாட்டா. விசா போட்டதே தப்பு. என்னால நேரா சொல்ல முடியல, நீங்க சொல்லிருங்க." சொல்லி முடித்து அவரே சிரித்துவிட்டார். "எப்படிப்பட்ட பாவிய எழுதியிருக்கிய லாத்தா, முஃபீதா கேட்டா என்னைக் கொன்னுபோடுவா" என்றார். அந்தச் சிரிப்பை வெட்டினேன். மிச்சத்தை முஃபீதாவிடம் போட்டுக் காட்டினேன்.

அவள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கம் கசப்பான பேச்சு எதுவும் கணவன் மனைவிக்கு நடுவில் நேராகப் போகாது, மூத்தவள் வழியாகத்தான் வரும். உடனே அவருக்குப் போன் செய்யப் போனாள். "கெஞ்சப் போறியா? நம்ம வீட்டுப் பிள்ளை கெஞ்சுமா?" என்று கேட்டேன். போனைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அது என்னிடம்தான் இருந்தது, பதிவுக்கு அவள் போன்தான் நல்லது. ஆதில் கூப்பிட்டபோதெல்லாம் நானே எடுத்து, அவள் பேச விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். அவருக்கும் ஒரு துண்டு அனுப்பினேன். வெளியிடாத ஒரு கதைக்கு முஃபீதா பேசியது: "என்னை விட்டிருங்க. என் வீட்டுல நான் நிம்மதியா இருக்கேன்." கத்தாரிலிருந்து ஒரு வாரம் சத்தமே இல்லை.

முஃபீதா அந்த வாரம் முழுக்க மேல்வீட்டில் அழுதாள். கதவுக்கு வெளியே மைக்கை வைத்தேன். அப்படி ஓர் அழுகையை நடித்து வாங்கவே முடியாது, மேடம். நாற்பத்தோராவது கதையில் கடைசி இரண்டு நிமிடம் அதுதான். அந்த ஒன்றை மட்டும் மூன்று லட்சம் பேர் கேட்டார்கள். எத்தனையோ பெண்கள், தாங்களும் சேர்ந்து அழுததாக எழுதினார்கள். ஒருத்தி புருஷனோடு சமாதானமாகிவிட்டாளாம். முஃபீதா அழுதது வீண் போகவில்லை.

பிரிவுக்கு முஃபீதா கேட்கிறாள் என்று பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு நான்தான் மனு எழுதினேன். அவர்கள் ஆதிலிடம் போனில் பேசினார்கள். "அவளுக்கு வேண்டாம்னா நான் பிடிச்சு வைக்க மாட்டேன்" என்று அந்த மனிதர் ஒத்துக்கொண்டார். இருந்தாலும் பெண்ணின் வாயால் கேட்க வேண்டும் என்று முகம்மது இப்ராஹிம் ஹாஜியாரும் இன்னும் இரண்டு பெரியவர்களும் ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார்கள். நல்ல மனிதர்கள், அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பெண் திரைக்குப் பின்னால் இருந்து பதில் சொல்வது வழக்கம்.

திரைக்குப் பின்னால் நான் இருந்தேன். என் மடியில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருந்தது. முஃபீதா காய்ச்சல் மாத்திரை போட்டு மேலே தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஹாஜியார் என்னென்ன கேட்பார் என்று முன்பே யோசித்து ஆறு துண்டுகளை வரிசையாக வைத்திருந்தேன். "ஏம்மா முஃபீதா, நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியா?" "ம்." "யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தலையே?" "இல்லை." "பிரிவுக்குச் சம்மதமா?" "சம்மதம்." அது பன்னிரண்டாவது கதையில் அவள் கல்யாணத்துக்குச் சொன்ன சம்மதம், கொஞ்சம் வெட்கம் கலந்திருக்கும். வேகத்தைக் குறைத்ததும் துக்கமாகிவிட்டது. அதன் பிறகு ஹாஜியார் எதிர்பாராமல், "வாப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டுவிட்டார். அதற்கு என்னிடம் துண்டு இல்லை. அழுகையைப் போட்டேன். ஹாஜியார் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் திரையின் இடுக்கில் பார்த்தேன். மறுநாள், ஜமாஅத் தந்த பிரிவுக் காகிதத்தை ஆதில் அனுப்பிய தலாக் காகிதம் என்று சொல்லி முஃபீதாவிடம் கையெழுத்து வாங்கினேன். படிக்காமல் போட்டாள்.

பத்து மாதம் நன்றாகத்தான் இருந்தோம். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து தேநீர் குடிப்போம். அவள் அதிகம் பேசவில்லை, ஆனால் இருந்தாள்.

கெடுத்தது ஸ்டெபி. புன்னக்காயலில் இருந்து வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்து கதைகளுக்கு இசை சேர்த்துத் தரும் பெண். கெட்டிக்காரி, நானே தொழில் கற்றுக்கொடுத்தேன். மூலப் பதிவை ஒருநாளும் அழிக்கக் கூடாது என்பதுதான் நான் அவளுக்குச் சொன்ன முதல் பாடம், நானும் அழித்ததில்லை. கணினியை ஒழுங்குபடுத்தும்போது ஆதிலின் மூன்று பதிவுகளும் அவள் கையில் சிக்கின, சிரிப்போடு. கணவர் கடைசியாகப் பேசியது என்று முஃபீதா அந்த வார்த்தைகளை ஸ்டெபியிடம் ஒருமுறை ஒப்பித்திருக்கிறாள். ஸ்டெபி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் முஃபீதாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

முஃபீதா அதை எத்தனை முறை கேட்டாள் என்று தெரியாது. கீழே வந்து என் எதிரே நின்றாள். "அழுததையும் நீதான் எடுத்தியா லாத்தா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். தங்கையிடம் நான் பொய் சொல்வதில்லை.

ஸ்டெபியின் போனிலிருந்து ஆதிலிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், நான்காம் நாள் அவர் வந்து இறங்கினார். ஆளே பாதியாகியிருந்தார். மறுபடியும் நிக்காஹ். முதல் கல்யாணத்தில் பெண் தலைகுனிந்து பேசாமல் இருந்தாலே சம்மதம்தான், இரண்டாவதற்கு வாய் திறந்து சொல்ல வேண்டும். திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு முஃபீதா தலையில் முக்காடோடு கூடத்துக்கே வந்து, ஹாஜியார் முகத்துக்கு நேராகச் சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் சமையல்கட்டில் நின்று கேட்டேன். அவசரப்பட்டுச் சொன்னாள், குரல் நடுங்கியது. நானாக இருந்தால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாள். புகாரில் இருப்பதெல்லாம் உண்மை. குரலை வெட்டி ஒட்டியது நான், மனுவை எழுதியது நான், திரைக்குப் பின்னால் இருந்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அவள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் செய்தேன், இது அவளுக்கும் உள்ளூரத் தெரியும்.

போன வாரம் அவளுக்கு ஒரு புதுக்கதையின் வசனம் அனுப்பினேன். நல்ல வேடம், அவளைத் தவிர வேறு யாராலும் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் இன்னும் ஒற்றை டிக்தான் காட்டுகிறது. கத்தாரில் சிக்னல் மோசம் என்று கேள்விப்பட்டேன். கிடைத்ததும் பேசி அனுப்பிவிடுவாள், அதுவரை என் போனை மட்டும் நீங்கள் அணைத்து வைக்க வேண்டாம்.